கோடையில் காட்டிய வீடு

வேங்கிக்கால் வீட்டை விற்றுத் தருவதாகச் சொன்ன தரகர் அன்வர் பாஷா, எப்போதும் கத்திரி வெயிலில்தான் ஆள் கூட்டி வருவார். வந்தவர்கள் வறண்ட கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். மெட்ராஸிலிருந்து லீவு போட்டு வந்த வர்த்தமானன் பல்லைக் கடிப்பான். அம்மா ஜினமதி மட்டும் பாய்க்கு மோர் கொடுத்து அனுப்புவாள்.

இந்த ஐப்பசியில் பாய் ஒருவரை அழைத்து வந்தார். கிணறு தளும்பிக்கொண்டிருந்தது. வந்தவர் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

அவர் போனதும் வர்த்தமானன் வெடித்தான்.

"மழையில காட்டணும்னு இத்தினி வருஷமா தோணலையா பாய்? நீங்க எனக்குத் தரகரா, வாங்க வர்றவனுக்கா?"

"ரெண்டு பேருக்கும் இல்ல தம்பி."

"பின்ன?"

பாய் சுவரில் புதிதாக மாட்டியிருந்த ஜினமதியின் படத்தைப் பார்த்தார்.

"நீங்க விக்கச் சொன்ன அன்னிக்கே அம்மா என்னைக் கூப்ட்டாங்க. 'என் உசுரு இந்த வீட்லயே போவணும் பாய். அதுவரைக்கும் எப்படியாவது தள்ளிப் போடுங்க'ன்னாங்க. மாட்டேன்னு சொல்ல முடியல."

வர்த்தமானன் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆள் திரும்பிப் போன ஒவ்வொரு தடவையும், "விடுப்பா, நம்ம கிணத்து ராசி அப்படி" என்று அவனைத் தேற்றியவள் அம்மாதான்.