டெயில்ஸ்டாக் செய்த குற்றங்கள்

முதல் குற்றம், 2019 மே தினத்தன்று. மாரப்பன் லேத்துக்காரர்களின் வாட்ஸப் குழுவில் வாழ்த்துப் படம் போட்டார். லேத் ஓட்டும் தொழிலாளி, கையில் கையுறை. அதற்குக் கீழே டெயில்ஸ்டாக் எழுதினான்: "கையுறையைக் கழட்டச் சொல்லுங்க."

இரண்டாம் குற்றம், 2020. கையுறை இனாமாக வந்ததல்ல, நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தத்தில் வந்தது என்று மாரப்பன் நாலு பக்கம் எழுதினார். அவன் ஒற்றை வரியில் பதில் போட்டான்: "லேத்துல சுத்துற இரும்பு கையுறை நூலைப் புடிச்சா கையையும் சேத்து இழுத்துருமுங்க." இருநூறு பேர் இருக்கும் குழுவில் பாதிப் பேர் அந்த வரிக்குக் கும்பிடு போட்டார்கள்.

மூன்றாம் குற்றம், 2022. நேரில் வா, பேசுவோம் என்று மாரப்பன் சவால் விட்டார். வரவில்லை. "உங்க மேல மரியாதை இருக்குதுங்க" என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

நான்காவது, போன வாரம் செத்துப்போனது. பதில் சொல்லாமலே.

அந்தக் குழுவில் எல்லோருக்கும் லேத்தின் பாகம்தான் பெயர். அவன் பெயர் டெயில்ஸ்டாக். மாரப்பன் மட்டும் சொந்தப் பெயரில் இருந்தார். அவர் லேத்துக்காரர் இல்லை, இரும்பு வார்க்கும் பவுண்டரி ஆள். பழைய சங்கத் தலைவர் என்று மரியாதைக்குச் சேர்த்திருந்தார்கள்.

துடியலூரில், தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் இரங்கல் கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"ஏனுங்க, நீங்கதான் போரிங் பாருங்களா?"

"ஆமாங்க. அன்புமணி. நீங்க?"

"டூல் போஸ்ட்டுங்க."

"அட! உங்க குரலை வெச்சு ஆறடி ஆளுன்னு நெனச்சுப்போட்டனுங்க!"

சிரித்தார்கள். மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே டெயில்ஸ்டாக்கின் சொந்தப் பெயர்: 'சாமுவேல், டர்னர்'.

அன்புமணி மாரப்பனிடம் வந்தான். "அண்ணா, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசோணுமுங்க."

"பேசத்தான் வந்தேன். இவன் முதலாளி ஆளு. தொழிலாளி வாங்குன கையுறையக் கழட்டுன்னு வேற எவன் சொல்லுவான்? அதைச் சொல்லிப்போட்டுத்தான் போவேன்."

"எழவு எடமுங்ணா..."

"எழவு எடத்துலதான் நாலு பேரு காது குடுத்துக் கேப்பாங்க."

மைக்கைப் பிடிக்க எழுந்தார். அதற்குள் சாமுவேலின் மனைவி செல்லாத்தாள் குறுக்கே வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறை.

"ஏனுங்க, நீங்க சங்கத்துக்காரருங்களாமா? எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இது அவரு பீரோவுல பூட்டி வெச்சிருந்த காயிதம். எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி படிங்க."

"என்ன காயிதம்மா?"

"கை போனப்ப கம்பெனியில விசாரிச்சாங்கள்ல, அதுங்க."

"கை போச்சா?"

"தெரியாதுங்களா? சோத்துக்கை, மணிக்கட்டோட போச்சுங்க. இருபத்தெட்டு வருசமா எடது கையிலதான் எல்லாம். போன்ல ஒரு வரி எழுத அரை மணி நேரம் ஆக்குவாரு."

இருநூறு பேரில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

அவளே தொடர்ந்தாள். "கையுறை போடச் சொன்னவன் பேரைச் சொல்லு, வாட்ச்மேன் வேலையாச்சும் தர்றோம்னாங்களாமுங்க. இவரு சொல்லல. வேலையும் போச்சு. ஏனுங்கன்னு கேட்டா, 'அந்தப் பேரைச் சொன்னா சங்கத்தையே மூடிப்போடுவாங்க புள்ள'ம்பாரு. கடைசி வரைக்கும் எங்கிட்டக்கூடச் சொல்லலைங்க."

மாரப்பன் தாளை விரித்தார். பல்லடம் ரோட்டுப் பட்டறை. 1997 பிப்ரவரி.

வேலைநிறுத்தம் ஜெயித்த மாசம் அது. அந்த வாரம் கையுறைக் கட்டோடு பதினேழு பட்டறை ஏறி இறங்கினார். அதில் இதே பட்டறை வாசலில் லேத் ஓட்டும் டர்னர் ஒருவன் தயங்கினான். "லேத்துக்கு இது ஆகாதுங்ணா."

"முதலாளி பேச்சைப் பேசாதடா!" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துத் தானே மாட்டிவிட்டார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பதினேழில் எந்தப் பட்டறைக்கும் அவர் இரண்டாம் முறை போகவில்லை.

"படிங்க அண்ணா," என்றாள் செல்லாத்தாள்.

படித்தார்.

"கேள்வி: விபத்து நடந்தபோது கையுறை போட்டிருந்தாயா? பதில்: ஆமாம்."

"கேள்வி: லேத்தில் கையுறை ஆகாது என்று உனக்குத் தெரியுமா? பதில்: தெரியும்."

"கேள்வி: பிறகு போடச் சொன்னது யார்?"

குரல் நின்றது. தாளில் பதில் தெளிவாகவே இருந்தது. 'யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் போட்டேன்.' கீழே இடது கைப் பெருவிரல் ரேகை.

"என்னங்ணா எழுதியிருக்குது?" என்றான் அன்புமணி.

மாரப்பன் மைக்கை வாங்கிக்கொண்டார். நாற்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு செல்லாத்தாளின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு எழுத்தாக, எல்லோருக்கும் கேட்கும்படி பதிலைப் படித்தார்.

"மாரப்பன்."