இருபத்தொன்றாவது மூடி

“பையைத் திறங்க ஆயாம்மா.”

இரண்டாம் வகுப்பு டீச்சரின் குரலில் துளியும் தயக்கம் இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டவருக்குத் தயக்கம் எதற்கு?

ஆயாம்மா துணிப்பையை இன்னும் இறுக்கமாக அணைத்துக்கொண்டார். “இதுல ஒண்ணும் இல்லைங்க டீச்சர்.”

“ஒண்ணும் இல்லாத பையையா இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கீங்க?”

பள்ளிக்கூடம் மொத்தமும் காலைக் கூட்டத்துக்காக மைதானத்தில் நின்றிருந்தது. மறந்துபோன வருகைப் பதிவேட்டை எடுக்க ஓடிவந்த டீச்சர் கண்ட காட்சி இதுதான்: அலமாரி முன்னால் ஆயாம்மா. மூன்றாம் வரிசைப் பிள்ளைகளின் டப்பா திறந்து கிடக்கிறது. அதற்குள் ஆயாம்மாவின் கை.

அந்த அலமாரியை யாராவது தொட்டால் டீச்சருக்குப் பொறுக்காது. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே ‘டப்பா டீச்சர்’. செருப்புக் கடையில் காலிப் பெட்டி, பெயின்ட் கடையில் பழைய நிற அட்டை, தையல்காரரிடம் ஓரம் நைந்த அளவு டேப் என்று எல்லாமே ஓசியில் வந்தவை. கேட்பதற்கு அவர் கூச்சப்பட்டதே கிடையாது. “குப்பைக்குப் போறதை என் பசங்களுக்குக் குடுங்களேன்” என்று வாசலில் வந்து நின்றால் யாரால் மறுக்க முடியும்? அத்தனையையும் ரகம் பிரித்து, டப்பாவில் போட்டு, மேலே படம் ஒட்டி, வரிசைக்கு ஒரு தட்டு என்று அடுக்கிவிட்டார். கூட்டல் கழித்தல் படிக்க வரிசைக்கு ஒரு டப்பா, டப்பாவுக்கு இருபது பாட்டில் மூடிகள்.

சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு விதியும் உண்டு. ‘ஒன்று குறைந்தாலும் அந்த வரிசைக்கு விளையாட்டு இல்லை.’

காலைக் கூட்டம் முடிந்து வந்ததும் பிள்ளைகளே மூடிகளை எண்ணிச் சொல்ல வேண்டும். முதல் மாதத்தில் ஒரே ஒரு நாள் குறைந்ததோடு சரி. அதன்பிறகு ஒன்றுகூடக் குறையவில்லை. பக்கத்து வகுப்பில் மாதத்துக்கு ஒரு டப்பா காலியாகிறது. இதை டீச்சர் சொல்லிக்காட்டாத நாளும் இல்லை. அந்த அதிசயத்தைப் பார்க்கத்தான் மற்ற பள்ளிகளிலிருந்து பன்னிரண்டு ஆசிரியர்கள் இன்று பத்து மணிக்கு வருகிறார்கள்.

இன்றைக்குப் பார்த்தா இப்படி நடக்க வேண்டும்!

“நீங்களே திறக்கறீங்களா, இல்ல தலைமையாசிரியரைக் கூப்பிடட்டுமா?”

ஆயாம்மாவின் பிடி தளர்ந்தது. தற்காலிக வேலை. டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே துடைப்பம் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

பை மேசைமேல் கவிழ்ந்தது. சிவப்பு, நீலம், பச்சை என்று ஏகப்பட்ட மூடிகள்.

“அடேங்கப்பா! எத்தனை நாளா நடக்குது இது? பழைய சாமான் கடையில எடைக்குப் போடறீங்களா? சின்னப் பசங்க எண்ணிப் படிக்கிறதுல கை வைக்க எப்படி ஆயாம்மா மனசு வந்துச்சு?”

ஆயாம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இருங்க, எவ்வளவு போயிருக்குன்னு பார்த்துட்டே பேசறேன்.”

முதல் டப்பாவை எண்ணினார். இருபது. இரண்டாவது. அதுவும் இருபது. நான்காவதிலும் ஐந்தாவதிலும் அதே இருபது. டீச்சரின் வேகம் குறைந்தது. திறந்து கிடந்த மூன்றாவதைக் கடைசியாக எண்ணினார். நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினார்.

இருபத்தொன்று.

“எடுத்தா குறையணும். இது எப்படிக் கூடுச்சு?”

“இருபத்தொண்ணா?” ஆயாம்மா பதறிப்போனார். “மன்னிச்சிடுங்க டீச்சர். நேத்து சாயங்காலம் எண்ணும்போது பத்தொம்பதுதான் இருந்துச்சு. அதான் இப்ப ஒண்ணு போட்டேன். யாரோ பாக்கெட்ல வெச்சுக்கிட்டுப் போனதைக் காலையில கொண்டுவந்து போட்டிருக்கணும். நான்தான் திரும்ப எண்ணாம விட்டுட்டேன்.”

“போட்டீங்களா?”

“பஸ் நிறுத்தத்துக்கிட்ட குளிர்பானக் கடை இருக்குல்ல, அங்க பொறுக்குவேன். சோப்பு போட்டுக் கழுவித்தாங்க கொண்டு வரேன்.”

டீச்சர் ஒரு மூடியை எடுத்துப் பார்த்தார். உள்பக்கம் இன்னும் ஈரம் காயவில்லை.

“எதுக்கு இதெல்லாம்?”

“முதல் மாசம் மூணாவது வரிசையில ஒரு மூடி காணோம்னு யாரையும் வெளியே விடலையே, ஞாபகம் இருக்கா? அந்தக் குட்டிப் பொண்ணு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, மைதானத்தைப் பார்த்துப் பார்த்து அழுதுச்சு. சாயங்காலம் குப்பையைக் கொட்டறேன், அதுக்குள்ள கிடக்கு அந்த மூடி. முந்தின நாள் நான் கூட்டித் தள்ளினது. என் தப்புக்கு அது அழுதுச்சு டீச்சர்.”

“அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“கூட்டறப்ப கண்ணு எங்க போச்சுன்னு கேப்பீங்கன்னு பயம். அதுலேர்ந்து தினமும் எண்ணி வெச்சுடறது.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதமாக மார்தட்டிக்கொண்ட பெருமை முழுவதும் அந்தத் துணிப்பையிலிருந்து வந்திருக்கிறது. வெளியே கூட்டம் முடிந்து மணி அடித்தது.

பத்து மணிக்கு வந்த விருந்தினர்கள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்து அசந்துபோனார்கள். ஒருவர் சுவரைக் காட்டிக் கேட்டார்.

“இங்க மட்டும் ஏதோ கிழிச்சு எடுத்த மாதிரி இருக்கே?”

டீச்சர் வாசல் பக்கம் பார்த்துக் கையசைத்தார். ஆயாம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

“அங்க நான் ஒரு விதியைத் தப்பா எழுதி ஒட்டியிருந்தேன்” என்றார் டீச்சர், வழக்கமான கணீர்க் குரலில். “வருஷம் முழுக்க சத்தமில்லாம அதைத் திருத்திக்கிட்டு இருந்தவங்க இவங்கதான்.”