மூன்றாவது டேப்

சின்னசேலத்துக்கு வெளியே தகரக் கொட்டகையின் நடுவில், இரும்புப் பொடியைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சித் துருவெல்லாம் நீக்கிய பாலத்து உத்தரம் ஒன்று வெள்ளிபோல் வெளுத்துக் கிடக்கிறது. கல்வராயன் மலையில் ஓர் ஓடைக்குக் குறுக்கே போகவேண்டிய உத்தரம். மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஈரக்காற்று இறங்குவதற்குள் பெயின்ட் ஏறாவிட்டால் மறுபடி துரு பூத்துவிடும். எல்லாரும் பட்ட பாடு வீண். தூசி இருந்தாலோ பெயின்ட் நிற்காது, உரிந்துவிடும். தூசி போய்விட்டதா என்று சோதனை பார்க்க வந்த தேவிப்ரியா ஏற்கெனவே இரண்டு முறை இரும்பில் டேப் ஒட்டி உரித்துப் பார்த்துவிட்டாள். இரண்டும் சாம்பல் பூசியதுபோல் வந்தன. பெரியநாயகி இப்போதுதான் மறுபடியும் வேக்குவம் குழாயால் மூலைமுடுக்கெல்லாம் உறிஞ்சி முடித்து, சேலைமேல் போட்ட சட்டையின் கையால் முகத்தைத் துடைக்கிறாள்.

"இன்னாம்மா, அடிச்சிரலாமா? காத்து மாறிக்கினு வருது," என்கிறார் பெயின்டர் அய்யனார், ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி.

"ஒரு நிமிஷம்ண்ணா."

தேவிப்ரியா டேப்பை இரும்பில் ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிறாள். சர்ரென்று உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டி, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிகிறாள். தாளின் வெண்மை மங்காமல் அப்படியே தெரிகிறது.

"அடிங்கண்ணா."

கம்ப்ரஸர் உறுமுகிறது. ஈரம் மினுங்கும் சாம்பல் நிறம் இரும்பின்மேல் விசிறியாய் விரிந்து ஓடுகிறது. பெரியநாயகி அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"இதுல ஒண்ணுமே இல்லியேம்மா."

"ஆமாக்கா," என்கிறாள் தேவிப்ரியா, சிரிப்பை அடக்க முடியாமல். "ஒண்ணுமே இல்ல."