தொடை வழியே ஓர் ஒயர்

பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு விழுப்புரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த தீனதயாளனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்னும் அரை மணி நேரம்தான். தொடை வழியாக ஓர் ஒயரை உள்ளே விட்டு, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் வரை ஓட்டிப்போய், அங்கே அடம்பிடிக்கிற நரம்புகளுக்குச் சூடு வைக்கப்போகிறார்கள். நாலு வகை மாத்திரைக்கும் மசியாத ரத்தக்கொதிப்புக்கு அதுதான் வைத்தியமாம்.

காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறும்போது தலைமுடி கனத்தில் இருந்த ஒயர், கூட்டேரிப்பட்டு தாண்டும்போது தாம்புக்கயிறாகி, விக்கிரவாண்டி வருவதற்குள் மின்கம்பியாகிவிட்டது. கதை கேட்ட கண்டக்டர் விசில் ஊத மறந்து ரெண்டு ஸ்டாப்பிங்கைக் கோட்டை விட்டார்.

பின்னே? இதயத்தில் ஒரே ஒரு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, சம்பந்தி நெடுஞ்செழியன் அஞ்சு வருஷமாகக் கல்யாண வீடுகளில் மின்விசிறிக்கடியில் நாற்காலி வாங்கிக்கொண்டிருக்கிறார். இனி அந்த நாற்காலி யாருக்கு?

டாக்டர் அருணா வந்து கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினார்.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

மாநிலத்தில் முதல் மார்க் வாங்கியவர் போல மனைவியைப் பார்த்தார் தீனதயாளன்.

“இளிப்பப் பாரு. மெடலு குத்தப் போறாங்களா?” என்றாள் விசாலாட்சி.

அருணா சிரிக்கவில்லை. “கடைசியா கேக்குறேன். மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?”

“எட்டு மாசமா, டாக்டரம்மா! மழையே வரட்டும், புயலே வரட்டும்!”

“அதுல குத்தம் சொல்ல முடியாதும்மா,” என்றாள் விசாலாட்சி. “சாமி கும்புடுறாரோ இல்லியோ, மாத்திரைய முழுங்கிடுவாரு. மாத்திரை குடுக்க வீட்டுக்கு வர்ற பொண்ணு பிரஷரு பாத்தா நூத்தி முப்பதுதான் காட்டும். மெஷின் ரிப்பேருன்னு அவளையே விரட்டிட்டாரு.”

அருணாவின் பேனா நின்றது.

“வீட்டுல நூத்தி முப்பது. இங்க வந்தா மட்டும் எப்படிங்க ஏறுது?”

இதைக் கேட்க ஒருவருக்காவது தோன்றியதே என்று தீனதயாளனுக்கு மனம் குளிர்ந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“இங்க வர்றதுக்கு மூணு நாளு முன்னாடியே மாத்திரைய நிறுத்திடுவேனே! ஒவ்வொரு தடவையும்! பால் சொசைட்டில முப்பது வருஷம் சாம்பிள் பாத்தவன் டாக்டரம்மா நானு. மாத்திரையக் கலந்துக்கினு வந்து நின்னா, அசல் பிரஷரு உங்களுக்கு எப்படித் தெரியும்?”



கட்டிலோரம் வந்து நின்ற ஸ்ட்ரெச்சரைக் காலியாகவே திருப்பிக்கொண்டு போகச் சொன்னார் அருணா.

தீனதயாளன் அதற்குள் ஒரு காலைத் தூக்கி அதன்மேல் போட்டிருந்தார்.