சர்டிபிகேட் கடா

புது மாப்பிள்ளை வந்து எட்டு நாளாகியும் பதினெட்டுப் பேரில் ஒருத்திகூட அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு நாலு கால், இரண்டு கொம்பு, சட்டம் போட்டு மாட்டிய ஒரு சர்டிபிகேட்.

"அசல் இனம்டா. மூணு தலைமுறைப் பேர் எழுதியிருக்கு" என்றார் மந்தைக்காரர், பட்டி வேலியைப் பிடித்தபடி.

"என் கலப்பினக் கடா இருக்கே மாமா. கேட்டவங்களுக்கு நான் இல்லைன்னு சொன்னதே இல்ல" என்றான் மச்சினன்.

போன வருடக் குட்டிகளில் பாதி குளிரில் போய்விட்டன. இந்த ஈத்தும் தவறினால் மந்தையை விற்றுவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். அதனால்தான் பட்டியை மனைவியிடம் விட்டுவிட்டு, இரண்டு மாதம் ஊர் ஊராய் அலைந்து இந்தக் கடாவைப் பிடித்து வந்தார்.

கடாவின் மார்பில் நீலச் சாயம் பூசியிருந்தார். கடா சேர்ந்த ஆட்டின் பின்புறத்தில் அந்த நிறம் ஒட்டியிருக்கும், அதுதான் சாட்சி. ஆனால் மருந்துக்குக்கூட நீலம் இல்லை. பதினெட்டு ஆட்டிலும் மங்கிய சிவப்புதான் தெரிந்தது.

"இது என்ன சிவப்பு?"

"கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சேங்க. காயறதுக்குள்ள வந்து உரசிடுச்சுங்க" என்றாள் மனைவி, தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டே.

பச்சைக் கேட்டைத் தள்ளிக்கொண்டு கால்நடை டாக்டர் உள்ளே வந்தார். கடாவைத் தலை முதல் வால் வரை தடவிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு ஆட்டின் வயிற்றிலும் ஸ்கேன் கருவியை வைத்தார்.

"கடா மேல ஒரு குறையும் இல்ல. பதினெட்டும் சினை."

மந்தைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது. "பாத்தியாடா? அசல்னா அசல்தான். சாயம் ஒட்டலையே தவிர, வேலை சுத்தம்."

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "எல்லாமே ஒண்ணரை மாசச் சினைங்க."

கடா வந்த நாளிலிருந்து மந்தைக்காரர் விரல் விட்டு எண்ணினார். எட்டாவது விரலோடு நின்றுவிட்டது. மச்சினன் மெதுவாக வேலிக்கு அந்தப் பக்கம் நழுவினான்.

அவர் கேட்டைப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்தார். சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார்.

"நீங்க சர்டிபிகேட் தேடிப் போயிட்டீங்க, தம்பி கடா சும்மா நின்னுச்சு. இதுங்களுக்கு என்ன, படிக்கவா தெரியும்?"