டப்பாவுக்குள் பெரணி

"மாமா, அந்த டப்பா மூடியை மட்டும் தொடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்கு எதுக்கும்மா அந்தப் பாசி? நான் என்ன மீனா?" என்றார் மாமனார்.

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடைப் பாறையில் பறித்த காட்டுப் பெரணி இலை. பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை; இலையின் அடியிலிருந்து உதிர்ந்த பழுப்புத் தூள்தான் விதை மாதிரி. அதை, வெந்நீர் ஊற்றி ஆறவைத்த டப்பா மண்ணில் தூவி ஐந்து மாதம் ஆகிறது. ஆறாவது வாரம் மண்மேல் பச்சை படர்ந்தது. பிறகு நகத்தில் பாதி அளவுக்குச் சின்னச் சின்னத் துணுக்குகள். அத்தோடு சரி. ஓர் இலைகூட எழவில்லை.

"மாசக் கடைசியில பண்ணை மேடம் பார்க்க வர்றாங்க. செடி இருந்தா வேலை. இல்லைன்னா சாகிற வரைக்கும் எனக்கு இந்தத் தையல் கம்பெனிதான்."

பெரணிப் பண்ணை ஆறு மணி நேரப் பயணத்தில் இருந்தது. தங்க அறை தருவார்கள், ஒருவருக்கு மட்டும்.

"வராம எங்க போகும்? நீ நிம்மதியா கம்பெனிக்குக் கிளம்பு. நான் பார்த்துக்கறேன்."

மகன் இறந்து மூன்று வருடம். அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான்.

அன்றிலிருந்து மூன்றாவது வாரம், சுருண்ட குட்டி இலைகள் தலைதூக்கின. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். பதினான்கு.

பண்ணை மேடம் வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"தண்ணி தெளிச்சது யாரு?"

"யாருமில்ல மேடம். மூடியைத் திறக்கவே இல்ல."

"சும்மா சொல்லாதீங்க. மேல தண்ணி நின்னாத்தான் அந்தத் துணுக்குல ஆணும் பெண்ணும் சேரும். அப்புறம்தான் செடி. பாதிப் பேரு மூடியை இறுக்கி வச்சே கோட்டை விட்டுடறாங்க. நீங்க தேறிட்டீங்க. திங்கக்கிழமை வந்து சேருங்க."

மேடம் போனதும் மருமகள் திரும்பினாள். மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா மாமா?"

"நீ கம்பெனிக்குப் போனதும் தினம் ஒரு கை தண்ணி."

அவளுக்குக் கண் நிறைந்தது. "எனக்கு வேலை கிடைக்கணும்னா?"

"இல்லம்மா. அழுகட்டும்னுதான் ஊத்தினேன். நீ போயிட்டா நான் யார்கூடப் பேசுறது?"