கட்டைவிரல்

கடலுக்குள் மூன்று ஆள் ஆழத்தில் வெயில் மணல்மேல் வலையாக நெளிகிறது. கடுகு பொரிவதுபோல் ஓயாத சத்தம். பவளப் பொந்துகளில் இறால்கள் போடுவது. மூச்சு குமிழ்களாகி மேலே போகிறது. வழிகாட்டி இரும்புக் குச்சியால் விசிறிப் பவளத்தின் ஒரு கிளையைக் காட்டுகிறார். மூன்று நாளாகத் தம்பி தேடிக்கொண்டிருந்த நகமளவுக் கடல்குதிரை அங்கே வாலைச் சுற்றிக்கொண்டு ஆடுகிறது. கிளைக்கு முன்னால் ஒருவருக்குத்தான் இடம். அக்கா முதலில் குனிகிறாள். தம்பி பின்னால் மிதந்து காத்திருக்கிறான். பார்த்த மகிழ்ச்சியில் அக்கா திரும்பிக் கட்டைவிரலை உயர்த்துகிறாள். நீருக்குள் அதற்கு ‘மேலே போகணும்’ என்று அர்த்தம். விரல் காட்டியவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்பது விதி. வழிகாட்டி இருவரையும் பிடித்து மெதுவாக மேலேற்றுகிறார். கிளை சிறுத்து நீலத்தில் கரைகிறது.

“என்னக்கா, மூச்சு முட்டுதா?” என்கிறார் வழிகாட்டி, தலை நீருக்கு மேலே வந்ததும். “ஐயோ, சூப்பர்னு சொன்னேங்க!” “அடிப்பாவி, படகுல அத்தன தடவ சொன்னாரே!” தம்பி கத்துகிறான். வழிகாட்டி அவனுடைய காற்றுமானியைத் திருப்பிப் பார்க்கிறார். “முள்ளு சிவப்புக்கு வந்துருச்சு தம்பி. காத்து தீரப்போகுது, இனி இறங்க முடியாது.” “நாளைக்கு ஊருக்குக் கிளம்புறோமே,” என்கிறான் தம்பி. அலை மூவரையும் ஒன்றாகத் தூக்கி இறக்குகிறது. “கடல்குதிரைல ஆம்பளதானடா குட்டி சுமக்கும்,” அக்கா குரலைத் தாழ்த்துகிறாள், “வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னுச்சுடா.” தம்பி முகமூடியை இழுத்து மாட்டித் தலையை நீருக்குள் கவிழ்க்கிறான். படகு வரும்வரை அலை அவனை இழுத்துப் போகாதபடி அக்கா அவனுடைய தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.